அறுபது வயதில் கேமரா பிடித்தவர்: கிள்ளானுக்கு வந்துபோன ஒரு பெண்ணின் உண்மைக் கதை

ஒரு பெண் இருக்கிறாள். வீடு, வேலை, பிள்ளைகள், பெரியவர்களின் மருந்து மாத்திரை என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் கையில் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுகிறாள். போன இடமெல்லாம் படம் எடுக்கிறாள். அந்தப் படங்களின் வழியே தனக்கு எது பிடிக்கும், தான் யார் என்பதை மெல்ல மெல்லத் தெரிந்துகொள்கிறாள். ஊர் திரும்பும்போது அவள் பழைய பெண்ணாக இல்லை.

இப்படிப்பட்ட நாவல்கள் உலக மொழிகள் பலவற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. பெண் வாசகர்கள் அவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். ஆனால் புத்தகத்தை மூடிய மறுநிமிடம் நம் வீடுகளில் ஒரு பெருமூச்சு எழும். "கதைக்கு நல்லாத்தான் இருக்கு. நடக்கிற காரியமா இது?" என்று கேட்பார்கள்.

நடந்திருக்கிறது. கேமராவைக் கையில் எடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது அறுபது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அவர் நம்முடைய கிள்ளானுக்கு வந்து தங்கிப் போனவர். அவர் பெயர் இசபெல்லா பேர்ட்.

நோயாளிப் பெண் பயணி ஆன கதை

இசபெல்லா 1831-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். தந்தை ஒரு பாதிரியார். சிறு வயது முதலே இசபெல்லாவுக்கு முதுகெலும்பில் கோளாறு. பதின்வயது முடியும் தறுவாயில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. வலி தீரவில்லை. உறக்கமில்லாத இரவுகள், சோர்வு, மனத்தளர்ச்சி என்று படுக்கையிலேயே பாதி நாள் கழிந்தது.

கடற்பயணம் உடம்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார். 1854-இல் தந்தை 100 பவுன் பணத்தைக் கொடுத்து, அது தீரும் வரை அமெரிக்காவில் இருந்துவிட்டு வரும்படி அனுப்பி வைத்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் 1856-இல் வெளியானது.

அதன் பிறகு பல ஆண்டுகள் வீட்டோடு இருந்தார். பெற்றோர் இறந்தனர். தங்கை ஹென்ரியட்டா ஸ்காட்லாந்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இசபெல்லாவின் உண்மையான பயணங்கள் தொடங்கின. ஆஸ்திரேலியா, ஹவாய் தீவுகள், அமெரிக்காவின் ராக்கி மலைகள் என்று அலைந்தார். ஹவாயில் எரிமலை ஏறினார். ராக்கி மலைப் பனியில் தன்னந்தனியாகக் குதிரையில் பல நூறு மைல் போனார். 1878-இல் ஜப்பானின் வடபகுதிக் கிராமங்களுக்குள் நுழைந்தார்.

இதில் ஒரு விந்தை உண்டு. வீட்டில் இருக்கும்போதெல்லாம் படுத்த படுக்கை. பயணம் புறப்பட்டுவிட்டால் குதிரைச் சவாரி, மலையேற்றம், மழையில் நனைதல் எதுவும் அவரைப் படுக்க வைக்கவில்லை. இது பாசாங்கு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவருடைய முதுகுவலி உண்மையான வலிதான். படித்த, கூர்மையான அறிவுள்ள ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்து வீட்டுக்குள் செய்ய எதுவும் இல்லாமல் போனதும் உடம்பைத் தின்னும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. இன்றைக்கும் நம் குடும்பங்களில் "எந்நேரமும் உடம்பு முடியலைன்னு சொல்லுவாங்க" என்று பேர் வாங்கிய அத்தைமார்களை நினைத்துப் பார்த்தால் இந்த இடம் எளிதில் புரியும்.

1879: கிள்ளானில் என்ன பார்த்தார்?

ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் ஹாங்காங், சைகோன் கடந்து 1879 ஜனவரியில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார் இசபெல்லா. அப்போது அவருக்கு வயது 47. அங்கிருந்து மலாக்கா, சுங்கை ஊஜோங், பிறகு கிள்ளான் என்று அவருடைய வழி அமைந்தது.

அன்றைய கிள்ளானை இன்றைய கிள்ளானாக நினைத்துவிடக் கூடாது. ரயில் கிடையாது. கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1886-இல்தான். கோலாலம்பூர் அப்போது ஈயச் சுரங்கத்தை நம்பிய ஒரு சிற்றூர். பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அலுவலகமே கிள்ளானில்தான் இருந்தது. 1880-இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறியது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டையும் உருவாகவில்லை. 1881-இல் ஒரு பெருந்தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை போட்ட கோலாலம்பூரை அழித்த பிறகு, இனிக் கட்டடங்களைச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்காக எழுந்த செங்கல் சூளைகளே அந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்தன.

கிள்ளானில் ரெசிடெண்டாக இருந்த புளூம்பீல்டு டக்ளஸின் வீட்டில் இசபெல்லா தங்கினார். குன்றின் மேல் இருந்த அந்த வீட்டுக்குப் பீரங்கிக் காவல் இருந்ததைக் கவனித்து எழுதினார். ஊர் களையிழந்து கிடந்ததாகவும் ஒளிக்காமல் குறிப்பிட்டார். அங்கிருந்து லங்காட் பகுதிக்குச் சென்று சுல்தான் அப்துல் சமாட்டையும் நேரில் கண்டார். மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடம் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அதே சுல்தான்தான்.

பிறகு பினாங்கு வழியாகப் பேராக் சென்று, யானை மீதேறிக் கோலகங்சார் போய்ச் சேர்ந்தார். யானைச் சவாரி படத்தில் பார்க்க அழகு, உட்கார்ந்து போக அவஸ்தை என்பது அவர் கண்ட முடிவு. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட சில ரப்பர் கன்றுகள் அப்போது வளர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இந்த நாட்டின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றும், அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவ ஆயிரமாயிரம் தமிழர்கள் கப்பலேறி வருவார்கள் என்பது அன்று அந்த வீட்டில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்காது.

தமிழர்களையும் அவர் பார்த்தார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த நம்மவர்களைப் பற்றி எழுதினார். தமிழ்ப் பெண்கள் சேலை உடுத்தியிருந்த அழகையும் அவர்களின் நடையையும் வியந்து பாராட்டினார். ஆனால் அன்றைய ஐரோப்பியர்கள் அத்தனை பேரையும் போல, "கிளிங்" என்ற சொல்லால்தான் குறிப்பிட்டார். இன்று அந்தச் சொல் நம்மைப் புண்படுத்தும் வசைச்சொல். பாராட்டுக்கு உள்ளேயும் அந்தக் காலத்தின் மேல்தட்டுப் பார்வை இருந்தது என்பதை மறந்துவிட்டு இசபெல்லாவைப் படிக்க முடியாது.

கேமரா இல்லாமல் வந்தது ஏன்?

இந்தப் பயணம் 1883-இல் "தி கோல்டன் செர்சொனீஸ்" என்ற பெயரில் புத்தகமாக வந்தது. பொன் தீபகற்பம் என்று பொருள். பண்டைய கிரேக்கர்கள் மலாயாவுக்கு வைத்த பெயர் அது. தங்கை ஹென்ரியட்டாவுக்கு எழுதிய கடிதங்களே புத்தகமாயின. ஆனால் புத்தகம் அச்சாகும்போது படிக்கத் தங்கை உயிரோடு இல்லை. 1880-இல் டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

அந்தப் புத்தகத்தில் இசபெல்லா எடுத்த புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. கிள்ளான் ஆறு, லங்காட் சதுப்புநிலம், சுல்தானின் முகம் எல்லாவற்றையும் எழுத்தில்தான் அவரால் கொண்டுபோக முடிந்தது. ஏன்?

அதற்குக் காரணம் அன்றைய கேமராவின் தொழில்நுட்பம். 1870-களில் பயணத்தில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஈரத் தட்டு முறையைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து அதன் மேல் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவியாக வேண்டும். சில நிமிடங்கள்தான் அவகாசம். நம் ஊர் வெயிலுக்கு அதுவும் குறைந்துவிடும். ஆகவே படம் எடுப்பவர் போகும் இடமெல்லாம் இருட்டறைக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தட்டுப் பெட்டிகள், அவற்றைச் சுமக்க ஒரு கூட்டம் கூலியாட்கள் என்று பெரும் பரிவாரமே போக வேண்டியிருந்தது. ஒரு பெட்டியும் சேணமுமாகத் திரிந்த இசபெல்லாவுக்கு அது கைகூடாத காரியம்.

1871-இல் ரிச்சர்ட் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தட்டு முறையைக் கண்டுபிடித்தார். அது பலபேர் கையால் மேம்பட்டு, 1880-களில் கடைகளில் பரவலாகக் கிடைத்தது. தட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். படம் எடுத்துவிட்டு, வசதிப்படும்போது கழுவிக்கொள்ளலாம். 1888-இல் கோடக் நிறுவனம் சுருள் பிலிம் போட்ட சிறு பெட்டிக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனியாகப் பயணம் போகும் ஒரு பெண், தானே சுமந்து, தானே எடுத்து, தானே கழுவக்கூடிய காலம் அப்போதுதான் பிறந்தது. ஆர்வம் ஒருவருக்குள் இருந்தாலும் அதற்கான கருவி கைக்கு எட்டும் தூரத்தில் வர வேண்டும் அல்லவா?

இலங்கையில் இன்னொரு பெண்

இசபெல்லா மலாயா வந்திறங்கிய அதே 1879 ஜனவரி மாதத்தில், இலங்கையில் இன்னொரு பெண் கண்ணை மூடினார். அவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகள் வளர்ந்து தனிமையில் இருந்த அவருக்கு 48-ஆம் வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோகட்டும் என்று கொடுத்த பரிசு அவரை உலகம் போற்றும் புகைப்படக் கலைஞராக்கியது. அவரும் கஷ்டமான ஈரத் தட்டு முறையில்தான் படம் எடுத்தார். வீட்டில் கோழிகள் அடைத்து வைத்திருந்த கொட்டகையையே படப்பிடிப்புக் கூடமாக மாற்றிக்கொண்டார்.

கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875-இல் அவர் குடிவந்தார். அங்கே தமிழ்த் தொழிலாளர்களையும் சிங்களக் கிராமத்தாரையும் படம் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த கவிஞர்கள், அறிஞர்கள் எல்லோருடைய பெயரும் பதிவாகியிருக்கிறது. இலங்கைப் படங்களில் நிற்கும் நம் மக்களின் பெயர்களோ பதிவாகவில்லை. அவர்கள் குடியானவர்கள், தோட்டத்து ஆட்கள் என்ற அளவில் நின்றுபோனார்கள். இந்த ஒரு குறையைப் பின்னால் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

அறுபதில் ஆரம்பம்

மலாயாவிலிருந்து திரும்பிய இசபெல்லாவுக்கு அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. தங்கை போனார். 1881-இல் தங்கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் பிஷப்பை மணந்தார். துக்க உடையான கறுப்பு ஆடையிலேயே அந்தத் திருமணம் நடந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1886-இல், கணவரும் காலமானார். 54 வயதில் இசபெல்லா தனி மனுஷி ஆனார்.

மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. லண்டன் மருத்துவமனை ஒன்றில் தாதிமைப் பயிற்சி எடுத்தார். 1889-இல் இந்தியா வந்தார். காஷ்மீரில் கணவர் பெயரிலும், அமிர்தசரசில் தங்கை பெயரிலும் மருத்துவமனைகள் அமைய உதவினார். லடாக், பாரசீகம் வரை போய் வந்தார்.

1892-இல் லண்டனில் இருந்த அரச புவியியல் கழகம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டபோது, அந்த முதல் வரிசையில் இசபெல்லாவும் இருந்தார். ஆனால் 22 பெண்கள் சேர்வதற்குள் ஆண் உறுப்பினர்களிடமிருந்து பெரும் எதிர்ப்புக் கிளம்பி, 1893-இல் கதவு மூடப்பட்டது. மறுபடி முறையாகத் திறந்தது 1913-இல். உலகைச் சுற்றி வந்த பெண்ணுக்கே ஒரு நாற்காலி கொடுக்கத் தயங்கிய காலம் அது.

இந்தச் சமயத்தில்தான் அவர் புகைப்படக் கலையைக் கற்கத் தொடங்கினார். பாடம் சொன்னவர்களில் ஒருவர் ஜான் தாம்சன். 1860-களில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஸ்டூடியோ நடத்தி, பிறகு கம்போடியா, சீனம் முழுவதையும் படம் எடுத்துப் புகழ்பெற்றவர். நம் வட்டாரத்தில் தொழில் செய்த ஒருவரிடம், நம் வட்டாரத்தைக் கேமரா இல்லாமல் பார்த்துவிட்டுப் போன ஒரு பெண் அறுபது வயதில் மாணவியாகச் சேர்ந்தார்.

1894 ஜனவரியில் மீண்டும் கிழக்கே புறப்பட்டார். வயது 62. இம்முறை ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கும் பெரிய கேமரா ஒன்றும், கையில் பிடித்து எடுக்கும் சிறிய கேமரா ஒன்றும் கூடவே போயின. கொரியா, ஜப்பான், சீனம் என்று மூன்று ஆண்டுகள்.

யாங்சி ஆற்றில் ஓர் இருட்டறை

1896-இல் யாங்சி ஆற்றில் ஒரு நாட்டுப் படகை அமர்த்திக்கொண்டு மேற்குச் சீனத்துக்குப் போனார் இசபெல்லா. பெரும் பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடும் ஆறு அது. கரையில் நின்று கயிறு கட்டி இழுக்கும் ஆட்களின் பலத்தால்தான் படகு மேலேறும். அந்த உழைப்பாளிகளையும் படம் எடுத்தார்.

இரவானதும் படகே அவருக்கு இருட்டறை. படகோட்டிகளின் விளக்கு வெளிச்சம் பலகை இடுக்கு வழியே கசிந்து தட்டைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு இடுக்கையும் துணி வைத்து அடைப்பார். மருந்துக் கலவையில் தட்டைக் கழுவுவார். அலசுவதற்கு ஆற்று நீரைத் தவிர வேறு வழியில்லை. யாங்சி நீரோ வண்டல் கலந்த கலங்கல். அலசிய தட்டின் மேல் மெல்லிய மண் படலம் படிந்துவிடும். மீண்டும் மீண்டும் அலச வேண்டும். படத்தை அச்செடுக்கும் சட்டங்களைப் படகின் ஓரத்தில் தொங்கவிட்டு வெயிலில் காட்டுவார். அவரே இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் சலிப்பைவிட, ஒரு தட்டில் உருவம் தெளிந்து எழுவதைப் பார்த்த சந்தோஷம்தான் மிகுதி.

ஆபத்தும் வந்தது. சீனத்தில் அன்று வெளிநாட்டார் மீது கடும் கோபம் நிலவியது. சிச்சுவான் பகுதியில் ஓர் ஊரில் கும்பல் ஒன்று அவரை விடுதி அறைக்குள் சிறைவைத்தது போல் சூழ்ந்துகொண்டது. படைவீரர்கள் வந்து மீட்க வேண்டியதாயிற்று. கேமராப் பெட்டிக்குள் அவர் கறுப்புப் பேயை அடைத்து வைத்திருக்கிறார் என்ற பேச்சும் பரவியது. அந்த மக்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்கிருந்தோ வந்தவர், எதற்கென்று சொல்லாமல், ஒரு பெட்டியை முகத்துக்கு நேராக நீட்டினால் யாருக்கும் பயம் வரும்.

1897-இல் நாடு திரும்பினார். அரச புகைப்படக் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்த ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில், புகைப்படக் கலை தன்னைப் பிடித்துக்கொண்டது போல் வேறெதுவும் பிடித்துக்கொண்டதில்லை, மனம் போல் இருக்க முடிந்தால் முழு நேரத்தையும் அதற்கே கொடுத்துவிடுவேன் என்ற கருத்தைத் தெரிவித்தார். அப்போது வயது 65. வாழ்நாளெல்லாம் பயணம் செய்து, பல புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கிய ஒருவர், தனக்கு மிகவும் பிடித்தது எது என்பதைக் கண்டுகொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

கொரியா பற்றியும் யாங்சி பற்றியும் வந்த நூல்களில் அவர் எடுத்த படங்கள் இடம்பெற்றன. 1900-இல் "சைனீஸ் பிக்சர்ஸ்" என்ற புகைப்பட நூல் வந்தது. 1901-இல் மொரோக்கோ போனார். குதிரை உயரமாக இருந்ததால் ஏணி வைத்து ஏறினார். 1904 அக்டோபர் 7-ஆம் நாள் எடின்பரோவில் இறந்தபோது, அடுத்த சீனப் பயணத்துக்கான பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. 1982-இல் ஆங்கில நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் தம்முடைய "டாப் கேர்ள்ஸ்" நாடகத்தில் அவரை ஒரு கதாபாத்திரமாக்கினார்.

கேமரா என்ன செய்கிறது?

பயணம் மட்டுமே இசபெல்லாவுக்கு முன்பும் இருந்தது. கேமரா வந்ததும் என்ன மாறியது?

பயணி கடந்து போகிறவர். படம் எடுப்பவரோ நிற்க வேண்டியவர். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவரிடம் பேச வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். சரியாக வரவில்லை என்றால் மறுநாளும் அதே இடத்துக்கு வர வேண்டும். அப்படி நிற்கும்போது, இதுவரை பார்க்காதது கண்ணில் படும். இசபெல்லாவின் பிற்கால நூல்களில் பாலம் கட்டிய விதம், கதவின் அமைப்பு, உழைப்பாளிகள் சாப்பிடும் சிற்றுண்டிக் கடை, எளியவர்களின் கல்லறை போன்றவை இடம்பெறக் கேமராவும் ஒரு காரணம்.

தமிழ் நாவல் உலகில் இதே வேலையைப் பேனாவால் செய்தவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரியின் படகர் வாழ்வை எழுத அங்கேயே தங்கிப் பழகினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் கண்டுதான் "கரிப்பு மணிகள்" எழுதினார். போய்ப் பார்த்து எழுதுவது என்பதை ஒரு முறையாகவே வைத்துக்கொண்ட தமிழ்ப் பெண் அவர்.

இந்தியாவில் கேமராவைத் தொழிலாகவே எடுத்தவர் ஹோமாய் வியாரவல்லா. 1913-இல் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுபவர். இந்தியா விடுதலை பெற்ற நாள்களையும் நேரு காலத்தையும் படமாக்கினார். ஆனால் தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின. 1970-இல் தொழிலை விட்டார். பத்ம விபூஷண் விருது வந்தது 2011-இல், அவருடைய 97-ஆவது வயதில். அடுத்த ஆண்டு காலமானார்.

நம் வீட்டு ஆல்பத்தில் யார் இல்லை?

இப்போது நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களில் பழைய படம் என்றால் ஒன்று கல்யாணப் படம், இல்லையென்றால் அடையாளக் கார்டுக்கு எடுத்த படம். பாட்டி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போன பாட்டி, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவிய பாட்டி, லயத்து வாசலில் மாவு இடித்த பாட்டி, இவர்களைப் படத்தில் காண்பது அரிது. அப்படி எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். அந்தக் காலத்து அஞ்சலட்டைகளில் தமிழ்ப் பெண்கள் இனப் பெயரோடு மட்டும் நிற்கிறார்கள். ஊர் இல்லை, பெயர் இல்லை. இலங்கையில் கேமரன் அம்மையார் செய்த அதே குறைதான்.

பிற்காலத்தில் வீட்டுக்குக் கேமரா வந்தபோதும் அது அப்பாவின் கையில் அல்லது சித்தப்பாவின் கையில் இருந்தது. ஆல்பத்தைப் புரட்டினால் அம்மா இருப்பார். ஆனால் அம்மா பார்த்த உலகம் இருக்காது. அவர் எதை அழகு என்று நினைத்தார், எந்த முகத்தை நினைவில் வைக்க விரும்பினார் என்பதற்குச் சாட்சி கிடையாது.

இதற்கிடையே இடங்களும் மறைகின்றன. பிரிக்பீல்ட்ஸில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வாழ்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடத்துக்கே ஆபத்து வந்து, மக்கள் குரல் எழுப்பிய பிறகுதான் பாதுகாப்புக் கிடைத்தது. கட்டடத்துக்காவது வரைபடம் இருக்கும். அந்தக் குவார்ட்டர்ஸ் சமையலறையில் காலை ஐந்து மணிக்கு விளக்குப் போட்ட பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

"எங்களால் முடியுமா?"

இந்தக் கேள்விக்கு இசபெல்லாவைக் காட்டி "அவர் செய்யவில்லையா" என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. அவருக்குச் சொத்து இருந்தது. புத்தக வருமானம் இருந்தது. பேரரசின் குடிமகள் என்ற பாதுகாப்பு இருந்தது. பயணம் போனபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கை இருந்தார். கேமரா பிடித்தபோது கவனிக்க வேண்டியவர் என்று வீட்டில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஒரு பெண்ணிடம் போய் "யாங்சிக்குப் புறப்படு" என்பது நியாயமல்ல. நாவல்கள் பல இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

ஆனால் இசபெல்லாவுக்குக் கிடைக்காத ஒன்று இன்றைய பெண்ணிடம் இருக்கிறது. கருவி ஏற்கெனவே கைப்பையில் இருக்கிறது. கைத்தொலைபேசிக் கேமராவுக்கு இருட்டறை வேண்டாம், ஆற்று நீர் வேண்டாம். தூரமும் ஒரு தடையல்ல. கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி நடந்தே பிரிக்பீல்ட்ஸ் போய்விடலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் போதும். தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டும் அக்காவிலிருந்து தொடங்கலாம்.

இசபெல்லாவின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பழக்கங்கள் மூன்று. முதலாவது, யாருக்காக எடுக்கிறோம் என்று ஒருவரை மனதில் வைத்துக்கொள்வது. அவர் தங்கைக்காகப் பார்த்தார், தங்கைக்காக எழுதினார். வெளியூரில் இருக்கும் அக்காவுக்காகவோ, இன்னும் பிறக்காத பேத்திக்காகவோ எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது, முறையாகக் கற்றுக்கொள்வது. அறுபது வயதில் அவர் மாணவியாக உட்காரக் கூச்சப்படவில்லை. மூன்றாவது, குறிப்பு எழுதுவது. "சைனீஸ் பிக்சர்ஸ்" நூலில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் அது என்ன என்ற விளக்கம் உண்டு.

நான்காவதாக, அவர் பெரும்பாலும் செய்யாத ஒன்றை நம் பெண்கள் செய்ய வேண்டும். படத்தில் இருப்பவரிடம் முதலில் கேட்டு எடுக்க வேண்டும். எடுத்த பின் அவருடைய பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும். பழைய ஆல்பத்தில் "இது யாரு?" என்று கேட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் போன அனுபவம் இல்லாத குடும்பம் குறைவு.

கிள்ளான் ஆற்றை 1879-இல் பார்த்த ஒரு பெண் அதைப் படமெடுக்க வழியில்லாமல் போனார். இன்று அதே ஆற்றைத் தினமும் கடந்து வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டில் வயதான அம்மாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே அவரை அவர் வேலை செய்த இடத்துக்கு, வாழ்ந்த வீடு இருந்த இடத்துக்கு அழைத்துப் போய், அங்கே நிற்க வைத்து ஒரு படம் எடுக்கலாம். பிறகு கைத்தொலைபேசியை அவர் கையிலேயே கொடுத்து, அவருக்குப் பிடித்ததை எடுக்கச் சொல்லலாம்.